பான்ஃபயர் நைட்டுக்கு என்ன சாப்பாடு வைக்கிறது? 20 பேருக்கு, இருட்டுல, குளிருல

இங்கிலாந்துல லீட்ஸுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகுது, இந்த நவம்பர் 5 பான்ஃபயர் நைட்டுக்கு வீட்டுத் தோட்டத்துல சின்னதா நெருப்பு மூட்டி கொஞ்சம் பட்டாசு விடலாம்னு இருக்கோம், பக்கத்து வீட்டு இங்கிலீஷ் குடும்பம் ரெண்டு, நம்ம ஊர்க்காரங்க மூணு குடும்பம், பசங்களோட சேத்து 20 பேர், அதுல பாதி பேர் சைவம், என்ன சாப்பாடு வைக்கலாம், பஜ்ஜியும் பிரியாணியும் போட்டா சரிவருமான்னு கேட்டிருந்தீங்க. நான் இந்த யார்க்‌ஷர் பக்கம் வந்து 17 வருஷம் ஆச்சு, அதுல பத்து பன்னெண்டு தடவையாவது வீட்டுல இதைச் செஞ்சிருப்பேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல்ல பஜ்ஜி. வேண்டாம்மா. முதல் வருஷம் நானும் அதான் செஞ்சேன். வெங்காய பஜ்ஜி, உருளைக்கிழங்கு பஜ்ஜி, சட்னி ரெண்டு வகை. எல்லாரும் வெளிய நெருப்பைச் சுத்தி நிக்கிறாங்க, நான் உள்ள அடுப்புகிட்ட நிக்கிறேன், போட்டு எடுக்க எடுக்க தட்டு காலியாகுது, வெளிய கொண்டுபோய் ரெண்டு நிமிஷத்துல அந்த ஈரக் குளிருக்கு பஜ்ஜி நமுத்துப் போகுது. கடைசி ஈடு போட்டுட்டு இருக்கும்போது என் பொண்ணு உள்ள ஓடி வந்து "அம்மா எல்லா ராக்கெட்டும் முடிஞ்சிருச்சு, நீ பாக்கவே இல்ல"ன்னா. அப்ப அவளுக்கு அஞ்சு வயசு. அன்னிக்கு முடிவு பண்ணதுதான், நெருப்பு பத்த வச்சதுக்கு அப்புறம் அந்த வீட்டுல யாரும் அடுப்புகிட்ட நிக்கக் கூடாது. சமைச்ச ஆளும் கோட்டைப் போட்டுக்கிட்டு வெளிய வந்து தலையைத் தூக்கிப் பாக்கணும். நான் இனிமே சொல்ற சாப்பாடு எல்லாம் இந்த ஒரு கணக்குல தேர்ந்தெடுத்ததுதான்.

பிரியாணியும் இதுக்கு ஒத்துவராது. ருசியில குறை இல்ல, ஆனா உக்காந்து சாப்பிட வேண்டிய சாப்பாடு அது. இங்க எல்லாரும் நிக்கிறாங்க, ஒரு கையில கப்பு இருக்கு, இன்னொரு கையில சின்னக் குழந்தையோட கை இருக்கு, புல்லு வழுக்குது, லீட்ஸ்ல அன்னிக்கு நாலரைக்கு முன்னாடியே சூரியன் மறைஞ்சிடும், இருட்டுல எலும்பு எது கறி எதுன்னு தெரியாது, சோறு வேற தட்டுல பரப்பின உடனே ஆறிடும். அந்த நேரத்துல வெளிய 5, 6 டிகிரிதான் இருக்கும் பெரும்பாலும். அதனால ஒரு கையில பிடிக்கிற மாதிரி, உள்ளுக்குள்ள சூட்டை வச்சுக்கிற மாதிரி, பாக்காமலே சாப்பிடுற மாதிரி இருக்கணும்.

இந்த ஊர்க்காரங்க இதை நானூறு வருஷமா செய்றாங்க. 1605 நவம்பர் 5, பார்லிமென்ட்டுக்கு அடியில 36 பீப்பாய் வெடிமருந்தோட, ராஜாவைக் கொல்ல சதி பண்ணவங்கள்ல ஒருத்தரான கை ஃபாக்ஸ்ங்கிறவர் பிடிபட்டது, ராஜா பொழைச்சுக்கிட்டார்னு அன்னிக்கு ராத்திரியே லண்டன்ல ஜனங்க நெருப்பு மூட்டிக் கொண்டாடினது, அடுத்த வருஷமே இதை வருஷா வருஷம் கொண்டாடணும்னு சட்டம் போட்டது, அந்த சட்டத்தை 1859ல எடுத்ததுக்கு அப்புறமும் ஜனங்க விடாதது, இதெல்லாம் உங்க பசங்க ஸ்கூல்லயே சொல்லித் தருவாங்க. கை ஃபாக்ஸ் நம்ம பக்கத்து ஊரு யார்க்ல பிறந்தவர்தான், இந்த ராத்திரி நெருப்புல அவர் பொம்மையைப் போட்டு எரிக்கிறது வழக்கம், அவர் படிச்ச செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கூல்ல மட்டும் இன்னிக்கும் அவர் பொம்மையை எரிக்க மாட்டாங்க, எங்க பழைய மாணவர்னு. சாப்பாட்டுக்கு வருவோம். இலையுதிர் காலம் முடியுற நேரம், அறுவடை எல்லாம் உள்ள வந்தாச்சு, உருளைக்கிழங்கு இருக்கு, ஆப்பிள் இருக்கு, ஓட்ஸ் இருக்கு, காய்ஞ்ச பட்டாணி இருக்கு. பான்ஃபயர் நைட் சாப்பாடுன்னு இங்க சொல்றதுல நிறைய இந்த நாலுல இருந்து வந்ததுதான்.

என்னைக் கேட்டா முதல் இடம் பார்க்கினுக்கு. கேக் மாதிரி சதுரமா வெட்டி வைப்பாங்க, ஓட்மீல், சுக்குப் பொடி, கருப்பு ட்ரீக்கிள்ங்கிற கெட்டிக் கருப்புச் சர்க்கரைப் பாகு, கோல்டன் சிரப்ங்கிற பொன்னிறப் பாகு போட்டு செய்றது. இங்கிலாந்தோட வடக்குப் பக்கம் கோதுமை நல்லா வராது, ஓட்ஸ்தான் வரும், அதனாலதான் இது வடக்கத்திப் பண்டம், லண்டன் பக்கம் கேட்டா பல பேருக்குத் தெரியாது. நான் முதல் தடவை சாப்பிட்டப்ப வாய்ல வச்ச உடனே எனக்கு ஞாபகம் வந்தது தீபாவளி லேகியம். நிஜமாவே அதே சுக்கு காரம், அதே கருப்பட்டி மாதிரி லேசான கசப்போட இனிப்பு, அதே பிசுக்கு. எங்க பாட்டி தீபாவளி காலைல எண்ணெய் தேச்சுக் குளிச்ச உடனே உள்ளங்கையில ஒரு உருண்டை வைப்பாங்களே, அது. தீபாவளியும் இங்க பான்ஃபயர் நைட்டும் சில வருஷம் ஒட்டி ஒட்டி வரும், 2021ல தீபாவளி நவம்பர் 4, அடுத்த நாளே இது. அந்த வருஷம் நான் லேகியமும் பார்க்கினும் ஒரே தட்டுல வச்சேன், பக்கத்து வீட்டு வயசான அம்மா ஒருத்தங்க ரெண்டையும் தின்னு பாத்துட்டு இது ரெண்டும் அக்கா தங்கச்சின்னு சொன்னாங்க.

பார்க்கினோட பெரிய நல்ல குணம், இதை முன்னாடியே செஞ்சாத்தான் நல்லா இருக்கும். சுட்ட அன்னிக்கு சாப்பிட்டா வறட்டுன்னு இருக்கும், என்னடா இதுன்னு தோணும். பட்டர் பேப்பர்ல சுத்தி டப்பால போட்டு நாலஞ்சு நாள், முடிஞ்சா ஒரு வாரம் மூடி வச்சா தானா ஈரம் கோத்து மேல பிசுபிசுன்னு ஆகும், அப்பதான் அது பார்க்கின். அதனால அக்டோபர் 30, 31 வாக்குல சுட்டு வச்சிடுங்க. நான் செய்றது: 225 கிராம் மைதா, 110 கிராம் மீடியம் ஓட்மீல், ஒரு டேபிள்ஸ்பூன் சுக்குப் பொடி, ஒரு டீஸ்பூன் மிக்ஸ்ட் ஸ்பைஸ் (கேக்குக்குப் போடுற கலவை மசாலாப் பொடி), ஒரு டீஸ்பூன் சோடா உப்பு, ஒரு சிட்டிகை உப்பு எல்லாத்தையும் கலந்துக்குங்க. இன்னொரு பாத்திரத்துல 110 கிராம் வெண்ணெய், 110 கிராம் ட்ரீக்கிள், 110 கிராம் கோல்டன் சிரப், 110 கிராம் பிரவுன் சுகர் போட்டு சின்ன தீயில உருக்குங்க, கொதிக்க விடாதீங்க. அதை மாவுல ஊத்தி 150 மில்லி பால், ஒரு முட்டை அடிச்சு ஊத்திக் கலக்கி, 20 சென்டிமீட்டர் சதுர டின்ல ஊத்தி ஓவன்ல 150 டிகிரில, ஃபேன் ஓவன்னா 130ல, ஒரு மணி நேரம் வாக்குல. முட்டை வேணாம்னா மூணு டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிர் போடுங்க, கொஞ்சம் அடர்த்தியா வரும், அவ்ளோதான் வித்தியாசம். ஓட்மீல்னா காலைல கஞ்சி காய்ச்சுற பெரிய தட்டை ஓட்ஸ் இல்ல, ரவை மாதிரி உடைச்சது, அது கிடைக்கலைன்னா தட்டை ஓட்ஸை மிக்ஸில ரெண்டு சுத்து விடுங்க. கடைல வாங்குற பார்க்கின்னா பின்னாடி எழுதியிருக்கிறதைப் படிங்க, பழைய முறைல செய்ற சிலர் பன்றிக் கொழுப்பு போடுவாங்க, லார்டுன்னு போட்டிருக்கும்.

அடுத்து ஜாக்கெட் பொட்டேட்டோ, அதாவது தோலோட சுட்ட முழு உருளைக்கிழங்கு. இதுதான் அன்னிக்கு வயித்தை ரொப்புற சாப்பாடு, சைவம் அசைவம் ரெண்டு பேருக்கும் பொது, கோதுமை ஒத்துக்காதவங்களுக்கும் சரி. மாரிஸ் பைப்பர் இல்லைன்னா கிங் எட்வர்ட் ரகம் வாங்குங்க, மாவா வேகும். ஒவ்வொண்ணும் 200 கிராம் அளவுக்கு ஒரே சைஸா பொறுக்குங்க, ரொம்பப் பெருசு வேணாம், கையில பிடிக்க முடியாது, வேகவும் நேரமாகும். கழுவித் துடைச்சு, ஃபோர்க்கால குத்தி, எண்ணெய் தடவி, கல்லுப்பு நுணுக்கினதைத் தேச்சு, 200 டிகிரில, ஃபேன்னா 180, ஒரு மணி நேரத்துல இருந்து ஒண்ணேகால் மணி நேரம். 20 கிழங்கை ரெண்டு தட்டுல ஒரே நேரத்துல வச்சா இன்னும் 20 நிமிஷம் சேத்துக்குங்க, நடுவுல மேல் தட்டை கீழயும் கீழ் தட்டை மேலயும் மாத்துங்க. கத்தி வெண்ணெய்ல இறங்குற மாதிரி இறங்கணும். பல பேர் பண்ற தப்பு ஃபாயில்ல சுத்தி ஓவன்ல வைக்கிறது. அப்படி வச்சா அது அவிஞ்ச கிழங்கு, தோல் தொளதொளன்னு ஆயிடும். சுட்டு எடுத்ததுக்கு அப்புறம் ஃபாயில்ல சுத்துங்க, சுத்தி ஐஸ் வைக்கிற கூல் பாக்ஸ் இருக்குல்ல, அதுக்குள்ள பழைய டவல் விரிச்சு அடுக்கி மூடிடுங்க. ஒன்றரை மணி நேரம் ஆனாலும் கையில பிடிக்க முடியாத சூடு இருக்கும். இந்த டவல் வித்தையை நான் எங்கயும் படிக்கல, ரசம் பாத்திரத்தைத் துணில சுத்தி ரயிலுக்குக் கொண்டுபோன எங்க அம்மாகிட்ட கத்துக்கிட்டது.

நெருப்புலயே போட்டு சுடலாமேன்னு உங்க வீட்டுக்காரர் கேப்பார், எல்லா வீட்டுலயும் ஒருத்தர் கேப்பார். வேண்டாம்னு சொல்லிடுங்க. பான்ஃபயர்ல எரியுறது பழைய வேலி, உடைஞ்ச நாற்காலி, பெயின்ட் அடிச்ச பலகை, மருந்து போட்ட கட்டை, அந்தப் புகை படுற எதையும் வாய்ல வைக்கக் கூடாது. அது போக கொழுந்து விட்டு எரியுற தீல கிழங்கு வெளிய கரியும் உள்ள பச்சையும்தான் ஆகும், வேக வைக்கிறது தணல்தான், அந்தத் தணல் வர்றதுக்குள்ள பசங்க தூங்கிடுவாங்க. மார்ஷ்மெல்லோ சுடணும்னு பசங்க ஆசைப்பட்டா தனியா ஒரு சின்ன இரும்பு ஃபயர் பிட்ல நல்ல கரியோ காய்ஞ்ச சுத்தமான விறகோ போட்டு, தீ அடங்கி சிவப்பா தணல் ஆனதுக்கு அப்புறம் நீளக் குச்சில குத்தி, பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல உக்காந்து சுட விடுங்க. சுட்ட உடனே வாய்ல போட விடாதீங்க, மேல ஆறின மாதிரி தெரியும், உள்ள பாகு கொதிச்சுட்டு இருக்கும். சாதாரண மார்ஷ்மெல்லோல ஜெலட்டின் இருக்கும், பன்றி இல்ல மாட்டுல இருந்து எடுக்கிறது, உங்க சைவக்காரங்களுக்கு வெஜிடேரியன்னு போட்டதைத் தேடி வாங்குங்க.

கிழங்குக்கு உள்ள என்ன வைக்கிறது? வெண்ணெயும் துருவின செடார் சீஸும் ஒண்ணு, சூடான பேக்டு பீன்ஸ் ஒண்ணு, இது இங்கிலீஷ் பசங்களுக்கு கண்டிப்பா வேணும். மூணாவதா ஒரு பெரிய பாத்திரம் சில்லி, ராஜ்மாவுல சைவமாவே செஞ்சிடுங்க, கறி போட்டு தனியா ஒண்ணு செய்ய வேண்டிய அவசியமே இல்ல, தக்காளி, வெங்காயம், குடைமிளகாய், சீரகம், மல்லித்தூள் போட்டு முந்தின நாளே செஞ்சு வச்சா மறுநாள் இன்னும் நல்லா இருக்கும். சில்லிக்கு வூஸ்டர் சாஸ் ஊத்தச் சொல்லி நிறைய குறிப்புல இருக்கும், அதுல நெத்திலி மாதிரி மீன் இருக்கு, அதை விட்டுடுங்க. இதையெல்லாம் வெளிய டேபிள்ல வச்சு ஆளாளுக்கு இருட்டுல அள்ளிப் போட்டுக்கட்டும்னு விடாதீங்க, நான் அப்படி விட்டு பேக்டு பீன்ஸ் எல்லாம் புல்லுலதான் கிடந்துச்சு. கிச்சன்லயே வெளிச்சத்துல கிழங்கை சிலுவை மாதிரி கீறி, ரெண்டு பக்கமும் அமுக்கி, உள்ள நிரப்பி, ஃபாயில் கிண்ணம் மாதிரி மடிச்சு, ஒரு மர ஃபோர்க் குத்தி கையில கொடுத்துடுங்க. கதவுகிட்ட வரிசையா வந்து வாங்கிட்டுப் போகட்டும், கோயில்ல பிரசாதம் வாங்குற மாதிரி.

சாசேஜ் அசைவக்காரங்களுக்கு. கம்பர்லாண்ட் இல்லைன்னா லிங்கன்‌ஷர் வாங்குனா இங்கிலீஷ் குடும்பம் சந்தோஷப்படும், ரெண்டுமே பன்றி. உங்க விருந்தாளில பன்றி மாடு சாப்பிடாதவங்க இருப்பாங்க, சிக்கன் சாசேஜ் ஒரு தட்டு தனியா, சைவ சாசேஜ் ஒரு தட்டு தனியா, ஒரே தட்டுல சுடாதீங்க, இடுக்கியும் தனித்தனியா. எல்லாத்தையும் ஓவன்லயே 25, 30 நிமிஷம், கூடவே வெங்காயத்தை நீளமா அரிஞ்சு போட்டா அதுவும் வதங்கிடும். தெர்மாமீட்டர் இருந்தா நடுவுல குத்திப் பாருங்க, 75 டிகிரி வரணும். இன்னொண்ணு, இங்க சாசேஜ்ல கறியோட ரஸ்க் தூள் கலப்பாங்க, அதாவது கோதுமை, அதனால கோதுமை ஒத்துக்காதவங்க இருந்தா க்ளூட்டன் ஃப்ரீன்னு போட்டதா பாத்து வாங்கணும். வர்றவங்ககிட்ட என்ன அலர்ஜின்னு முன்னாடியே ஒரு மெசேஜ் போட்டுக் கேட்டுடுங்க, இந்த ஊர்ல அதை யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க, கேக்காம விட்டாத்தான் சங்கடம்.

நம்ம ஊர் ஐட்டம் ஒண்ணாவது வேணும்னு தோணும், எனக்கும் தோணும். அதுக்கு நான் கண்டுபிடிச்ச பதில் இலங்கைத் தமிழங்க செய்ற ரோல்ஸ். மட்டன் ரோல்ஸ், மரக்கறி ரோல்ஸ் ரெண்டும் தமிழ்க் கடைல ஃப்ரோசனா கிடைக்கும், இல்ல தெரிஞ்ச யாழ்ப்பாணத்துக் குடும்பம் இருந்தா ஆர்டர் கொடுத்தா செஞ்சு தருவாங்க, அந்த ருசியே வேற. மதியமே பொரிச்சு வச்சுட்டு சாயங்காலம் ஓவன்ல 10, 15 நிமிஷம் வச்சா திரும்ப மொறுமொறுன்னு ஆயிடும், பஜ்ஜி இப்படி ஆகாது. கையில பிடிக்கிற வடிவம், உள்ள காரமா சூடா கிழங்கும் கறியும், ஒரு சொட்டு சிந்தாது.

இப்ப பட்டாணி. இதுல எனக்கு தனிப் பாசம் உண்டு. யார்க்‌ஷர்ல இந்த ராத்திரிக்கு மஷி பீஸ், அதாவது குழைய வேக வச்ச பட்டாணி வைப்பாங்க, மேல புதினா சாஸ் ஊத்தி, மாவுக்குள்ள கறி வச்சு சுடுற பைங்கிற பண்டத்தோட சேத்து. மேற்கால மலையைத் தாண்டி லங்காஷர்ல, பரி, போல்டன், பிரெஸ்டன் பக்கம் போனா ப்ளாக் பீஸ், பார்ச்டு பீஸ்னும் சொல்லுவாங்க. மேப்பிள் பீஸ்னு ஒரு பழுப்புப் பட்டாணி, ராத்திரி பூரா ஊற வச்சு, குழைய வேக வச்சு, அந்தத் தண்ணியோடயே கப்புல ஊத்தி, மேல உப்பும் மால்ட் வினிகரும் தாராளமா போட்டு ஸ்பூனால சாப்பிடுறது. பரி மார்க்கெட்ல ஒரு கப்பு வாங்கி குளிர்ல நின்னு சாப்பிட்டுப் பாருங்க, பீச்சுல பொட்டலத்துல வாங்குற சுண்டல் அதுதான், மாங்காய்க்கு பதிலா வினிகர் புளிப்பு. கிடைக்கலைன்னா நம்ம கருப்பு கொண்டைக்கடலையை நல்லா குழைய விட்டு அதே மாதிரி வினிகர் போட்டுக் கொடுங்க, ஒரு பாதிக்கு கடுகு, காய்ஞ்ச மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய் போட்டு சுண்டலா தாளிச்சுடுங்க. மஷி பீஸ்தான் வேணும்னா காய்ஞ்ச மாரோஃபேட் பட்டாணி பாக்கெட்ல ஊற வைக்க சோடா மாத்திரையும் சேத்தே இருக்கும். ஒரு கிலோ காய்ஞ்ச பட்டாணி 20 சின்ன கப்புக்குத் தாராளம். ஸ்லோ குக்கர்ல வார்ம்ல போட்டுட்டா ராத்திரி பூரா சூடா கிடக்கும், யாரும் கிண்ட வேண்டாம். பழைய முறைல இதுல பன்றிக் கால் எலும்பு போட்டு வேக வைக்கிறவங்களும் உண்டு, யாராவது வீட்டுல இருந்து கொண்டுவந்தா கேட்டுட்டு சாப்பிடச் சொல்லுங்க.

சூப் மக்ல கொடுக்கிறதுக்கு. ஹாலோவீனுக்கு வாங்கின பெரிய பூசணி வீணாப் போகுதேன்னு அதுல சூப் வைக்காதீங்க, முகம் செதுக்கி மெழுகுவத்தி வச்சு நாலு நாள் வெளிய கிடந்தது சாப்பிடக் கூடாது, புதுசா இருந்தாலும் அந்த ரகம் தண்ணியா சப்புன்னு இருக்கும். பட்டர்நட்னு ஒரு பூசணி ரகம் வாங்கி ஓவன்ல சுட்டு, இஞ்சி, சீரகம், கொஞ்சம் தேங்காய்ப் பால் விட்டு அரைங்க. நான் இப்பல்லாம் அதையும் விட்டுட்டு மிளகு ரசம்தான், பருப்புத் தண்ணி கொஞ்சம் தூக்கலா விட்டு, வடிகட்டி ரெண்டு பெரிய ஃப்ளாஸ்க்ல ஊத்தி வச்சிடுவேன். இங்க மல்லிகட்டானி சூப்னு டின்ல விக்குறாங்க பாருங்க, அந்தப் பேரே நம்ம மிளகுத்தண்ணிதான், வெள்ளைக்காரங்க இந்தியாவுல இருந்தப்ப கொண்டுவந்தது, ஆனா இங்க வந்து கறி, அரிசி, ஆப்பிள் எல்லாம் போட்டு கெட்டியா வேற என்னமோ ஆயிடுச்சு. நிஜ மிளகுத்தண்ணி இதுன்னு சொல்லி மக்ல ஊத்திக் கொடுத்தா ரெண்டாவது தடவை கேக்காத இங்கிலீஷ்காரங்களை நான் பாத்ததில்ல. தலைக்கு 200 மில்லின்னு நாலு லிட்டர் வச்சா போதும்.

இனிப்புல டாஃபி ஆப்பிள் பசங்களுக்கு ஆசை. கடைல வாங்கிக்கலாம், தப்பில்ல. வீட்டுல செய்றதா இருந்தா ரெண்டு விஷயம். ஆப்பிள் மேல கடைக்காரங்க பூசின மெழுகு இருக்கும், கொதிக்கிற தண்ணியை ஊத்தி நல்லா துடைச்சாத்தான் பாகு ஒட்டும். பாகு 150 டிகிரி வரணும், தெர்மாமீட்டர் இல்லைன்னா நம்ம பொரிவிளங்கா உருண்டைக்குப் பாக்குற கெட்டிப் பதம், பச்சத் தண்ணில ஒரு சொட்டு விட்டு எடுத்து தட்டுல போட்டா டங்குன்னு சத்தம் கேக்கணும். சின்ன, புளிப்பான ஆப்பிளா பாருங்க, கிரானி ஸ்மித் இல்லைன்னா காக்ஸ் ரகம். அன்னிக்கு மதியம்தான் செய்யணும், முந்தின நாளே செஞ்சா காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கிட்டு அழ ஆரம்பிச்சுடும், எனக்கு ஒரு வருஷம் 12 ஆப்பிள் அப்படி போச்சு. அந்தப் பாகு கையில பட்டா எண்ணெயை விட மோசமா ஒட்டிக்கிட்டு சுடும், பசங்களை கிச்சன் பக்கமே விடாதீங்க. கருப்பு ட்ரீக்கிள் போட்ட பான்ஃபயர் டாஃபி, யார்க்‌ஷர்ல ப்ளாட் டாஃபின்னும் சொல்லுவாங்க, அதை சுத்தியலால உடைச்சு வைப்பாங்க, பெரியவங்களுக்கு நல்லது, குட்டிப் பசங்களுக்கு பல்லுக்கும் தொண்டைக்கும் ஆகாது.

குடிக்கிறதுக்கு கலங்கலான ஆப்பிள் ஜூஸ் அஞ்சு லிட்டர், பட்டை, கிராம்பு, ஆரஞ்சு வட்டமா வெட்டிப் போட்டு இன்னொரு ஸ்லோ குக்கர்ல சூடு பண்ணிடுங்க, பசங்க, வண்டி ஓட்டுறவங்க எல்லாருக்கும் அது. பெரியவங்களுக்கு மல்டு வைன் (மசாலா போட்டு சூடு பண்ண ஒயின்) வேணும்னா தனிப் பாத்திரத்துல, கொதிக்க விடாம. பட்டாசு பத்த வைக்கிற ஆள் முடியுற வரைக்கும் ஆப்பிள் ஜூஸ்தான் குடிக்கணும், இதுல சமரசம் கிடையாது.

எப்ப எதைக் கொடுக்கிறதுன்றது என்ன கொடுக்கிறதுங்கிற அளவுக்கு முக்கியம். இங்கிலீஷ் வீட்டுப் பசங்க அஞ்சு மணிக்கே ராத்திரி சாப்பாடு சாப்பிட்டுப் பழகினவங்க, ஆறரைக்கு மேல பசில அழும். அதனால நான் மூணு மணிக்கு கிழங்கை உள்ள வைப்பேன், நாலே முக்காலுக்கு கிழங்கு வெளிய வந்து கூல் பாக்ஸுக்குப் போகும், சாசேஜும் ரோல்ஸும் உள்ள போகும், அஞ்சரைக்கு ஆள் வந்த உடனே முதல் பந்தி. ஆறே காலுக்கு ஓவனை அணைச்சாச்சு, கோட்டு போட்டாச்சு, அப்புறம்தான் நெருப்பு, பட்டாசு. பட்டாசு நடக்கும்போது யார் கையிலயும் சாப்பாடு வேணாம், அண்ணாந்து பாக்கும்போது வாய்ல கெட்டியா எதுவும் இருக்கக் கூடாது, குட்டிப் பசங்களுக்கு முக்கியமா. எல்லாம் முடிஞ்சு நெருப்பு தணிஞ்சு எல்லாரும் கிட்ட வந்து நிப்பாங்க பாருங்க, அப்ப பார்க்கின், சூடான ஜூஸ், ரசம், பட்டாணி. ரெண்டாவது பந்திதான் நிஜமான பந்தி, பேச்செல்லாம் அப்பதான்.

சாப்பாட்டு டேபிளை வீட்டுச் சுவர் ஒட்டிப் போடுங்க, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து, புகையும் பட்டாசுத் துண்டும் வந்து விழாத பக்கமா. பட்டாசு பெட்டில எஃப்2ன்னு போட்டிருந்தா குறைஞ்சது 8 மீட்டர், எஃப்3ன்னா 25 மீட்டர் தள்ளி ஜனங்க நிக்கணும், சாதாரண லீட்ஸ் தோட்டத்துக்கு எஃப்3 செட் ஆகாது. கம்பி மத்தாப்பு எரிஞ்சு முடிஞ்சதும் போட ஒரு வாளி தண்ணி, அதை டேபிள்ல இருந்து தள்ளி வைங்க, யாரோ கப்பு கழுவுற தண்ணின்னு கை விட்டுடுவாங்க. அஞ்சு வயசுக்குக் கீழ மத்தாப்பு கொடுக்காதீங்க. சாதாரண நாள்ல ராத்திரி 11 மணிக்கு மேல பட்டாசு கூடாது, நவம்பர் 5க்கு மட்டும் 12 வரைக்கும் சட்டம் விடுது, தீபாவளிக்கு 1 மணி வரைக்கும், ஆனா பக்கத்துல நாய் வச்சிருக்கிறவங்களுக்கு முன்னாடியே சொல்லிட்டு எட்டு மணிக்குள்ள முடிச்சிடுங்க. விறகை முந்தின நாளே குவிச்சு வச்சா முள்ளெலி வந்து உள்ள படுத்துக்கும், அன்னிக்கே அடுக்குங்க, இல்ல பத்த வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிரிச்சுப் பாருங்க.

அளவு: பெரியவங்களுக்கு ஆளுக்கு ஒரு கிழங்கு, ரெண்டு சாசேஜ், ஒரு ரோல்ஸ், பசங்களுக்கு அதுல பாதி. பார்க்கின் நான் சொன்ன அளவுல 16 துண்டு வரும், ரெண்டு டின் சுடுங்க, வர்றவங்க கேட்டு வாங்கிட்டுப் போவாங்க.

மிஞ்சினா, சூடு போன சாசேஜும் சில்லியும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய கிடந்தா தூக்கிப் போட்டுடுங்க. கிழங்கு மிஞ்சினா ஃபாயிலை அன்னிக்கு ராத்திரியே பிரிச்சுட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, சுத்தினபடியே வெளிய விட்டா உள்ள காத்து இல்லாம கெட்ட கிருமி வளரும், அது ஆபத்து. மறுநாள் காலைல தோலோடயே உதிர்த்து கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய் தாளிச்சு பொடிமாஸ் பண்ணுங்க, சுட்ட தோலோட வாசம் அதுல இறங்கி இருக்கும், அதுக்காகவே நான் நாலு கிழங்கு கூடுதலா சுடுவேன்.